கடனில் இருந்து மீள உதவி தேடுகிறீர்களா? ஏமாறாமல் இருக்க யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடன் வாங்கும்போது ஏமாறுபவர்களைப் பற்றி எல்லோரும் கதைக்கிறார்கள். கடனில் இருந்து வெளியே வரப் பார்க்கும்போது ஏமாறுபவர்களைப் பற்றிக் கதை குறைவு. அவர்களே வெளியில் சொல்வதில்லை என்பதுதான் காரணம். மாதக் கட்டு இரண்டு மூன்று பிந்தியிருக்கும், அயலுக்குத் தெரியாமல் முடித்துவிடவேண்டும் என்ற அவசரம் இருக்கும், அந்த நேரம் பார்த்து "நாங்கள் பாத்துச் செய்து தாறம்" என்று ஒருவர் வருவார். இந்த ஏமாற்று முழுக்க அந்த ஒளிப்பில்தான் ஓடுகிறது. அதனால் கீழே உள்ள பதில்களில் "வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள்" என்பது திரும்பத் திரும்ப வரும்; சலித்துக்கொள்ளாதீர்கள்.

வங்கிக் கடன், லீசிங், அடகு, நுண்கடன், கிரெடிட் கார்ட், தனியாரிடம் எடுத்த வட்டிக் காசு எல்லாம் இதில் அடங்கும். சட்டத்தைப் பொதுவாகத்தான் சொல்லலாம். காணியோ வழக்கோ இடையில் வந்தால் ஒரு சட்டத்தரணியிடம் கடதாசிகளைக் காட்டியே ஆகவேண்டும்.

கட்ட முடியவில்லை. உதவிக்கு முதலில் யாரிடம் போவது?

கடன் தந்தவரிடமே. பலருக்கு இது பிடிக்காத பதில். வங்கிப் படி ஏறினால் நகையை ஏலம் போட்டுவிடுவார்கள், வாகனத்தைத் தூக்கிவிடுவார்கள் என்ற பயம். ஆனால் தவணையை நீட்டுவது, சில மாதம் வட்டியை மட்டும் கட்ட விடுவது, தண்டவட்டியைக் குறைப்பது ஆகிய எல்லாம் கடன் தந்த நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. வெளியில் இருந்து வருகிற தரகர் யாராக இருந்தாலும் அவரும் கடைசியில் அதே மனேஜரின் மேசைக்குத்தான் போகவேண்டும். நீங்கள் சும்மா போகக்கூடிய இடத்துக்கு அவர் காசு வாங்கிக்கொண்டு போகிறார், அவ்வளவுதான். பலர் அங்கேயும் போவதில்லை.

போகும்போது வாயால் மட்டும் சொல்லிவிட்டு வரவேண்டாம். வருமானம் ஏன் குறைந்தது, மாதம் எவ்வளவு கட்ட முடியும், எத்தனை மாதம் அவகாசம் வேண்டும் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதியுடன் முத்திரை வைத்து வாங்குங்கள். தமிழில் எழுதலாம். மத்திய வங்கி 2023 இல் கொண்டுவந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின் கீழ் வருகிற நிறுவனங்கள் உங்கள் முறைப்பாட்டை ஏற்றுப் பதில் தரக் கடமைப்பட்டவை. ஒப்பந்தத்தின் முக்கிய விடயங்களைத் தமிழில் விளங்கப்படுத்தும்படியும் கேளுங்கள். சின்னதாக ஒரு கடையோ தொழிலோ நடத்துபவர் என்றால், நொடிந்த வியாபாரங்களை மீட்க வங்கிகள் தனிப் பிரிவு வைத்திருக்கவேண்டும் என்று 2024 இல் மத்திய வங்கி அறிவுறுத்தியது. கிளையில் அதைப் பற்றிக் கேளுங்கள்.

ஒன்றை ஒளிக்கக் கூடாது. தவணையை நீட்டினால் மாதக் கட்டு குறையும், மொத்த வட்டி கூடும். புதிய அட்டவணையை எழுத்தில் வாங்கி, கடைசியில் மொத்தம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

"கிரிப் கிளியர் பண்ணித் தரப்படும்" என்று பேஸ்புக்கில் விளம்பரம் வருகிறதே, நம்பலாமா?

நம்பவேண்டாம். இது இப்போது அதிகம் ஓடுகிற ஏமாற்று என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிரிப் என்று நாம் சொல்வது இலங்கைக் கடன் தகவல் பணியகம். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அது யாருக்கும் கடன் கொடு என்றோ கொடுக்காதே என்றோ சொல்வதில்லை. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தங்கள் வாடிக்கையாளர் எவ்வளவு எடுத்தார், எப்படிக் கட்டுகிறார் என்று அனுப்புகிற தகவலைச் சேர்த்து வைத்திருக்கிறது. "கறுப்புப் பட்டியல்" என்று சனம் பேசுகிற பட்டியல் ஒன்று அங்கே இல்லை. இருப்பது நீங்கள் கடனைக் கட்டிவந்த வரலாறு. அதைப் பார்த்துத் தீர்மானிப்பது கடன் கொடுக்கிற நிறுவனம்.

தகவலை அனுப்பியது வங்கி என்றால், திருத்த வேண்டியதும் வங்கிதான். கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவையாகக் காட்டுகிறது, நீங்கள் எடுக்காத கடன் உங்கள் பெயரில் நிற்கிறது என்றால், அந்த நிறுவனத்துக்கும் பணியகத்துக்கும் எழுதித் திருத்துவிக்கலாம். அதற்கு இடையில் ஆள் தேவையில்லை. உண்மையில் பிந்திக் கட்டியிருந்தால் அந்தப் பதிவை யாராலும் காசுக்கு அழிக்க முடியாது. "உள்ளுக்க ஆள் இருக்கு" என்பார்கள். உள்ளே ஆள் இருந்தாலும் அது குற்றம். அதற்குக் காசு கொடுத்தால் நீங்களும் அதில் மாட்டுவீர்கள்.

காசு வாங்கியபிறகு என்ன செய்வார்கள்? அநேகமாக நம்பரைப் புளொக் பண்ணிவிடுவார்கள். கொஞ்சம் கெட்டிக்காரர் என்றால் போனிலே திருத்திய ஒரு அறிக்கையின் படத்தை அனுப்பி "பாருங்கோ, கிளியர்" என்பார். அதைக் கொண்டு வங்கிக்குப் போனால் அங்கே பழையபடிதான் இருக்கும். இதைவிட மோசமானது, பதிவுக்கு என்று வாங்கிய உங்கள் அடையாள அட்டையின் இரண்டு பக்கப் படமும், அதைக் கையில் பிடித்தபடி நீங்கள் எடுத்த செல்பியும். இணையத்தில் உங்கள் பெயரில் வேறு கடன் எடுக்க அது போதும்.

உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம். பணியகத்துக்கு நேரே விண்ணப்பிக்கலாம், வங்கிக் கிளையிலும் விசாரிக்கலாம். சிறிய கட்டணம்தான். தரகரிடம் போகமுதல் அதை எடுத்துப் பாருங்கள். நினைத்த அளவுக்கு மோசமாக இல்லை என்று தெரியவருபவர்களும் உண்டு.

பழைய கடன்களை எல்லாம் ஒன்றாக்க குறைந்த வட்டியில் பெரிய கடன் தருகிறோம், முதலில் ஒரு கட்டணம் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

வேண்டாம்.

உண்மையான வங்கியும் கட்டணம் அறவிடும். ஆனால் அது கிளையில், கம்பனியின் பெயரில், பற்றுச்சீட்டோடு நடக்கும். பல நேரம் கடன் தொகையிலேயே கழித்துக்கொள்வார்கள். ஒரு தனி ஆளின் கணக்கு இலக்கத்துக்குக் காசு போடச் சொன்ன அந்த இடத்திலேயே கதை முடிந்தது. முதலில் விண்ணப்பக் கட்டணம் என்பார்கள், பிறகு காப்புறுதி, பிறகு முத்திரை வரி, கடைசியில் "உங்கட காசு வந்து நிக்குது அக்கா, விடுவிக்க இவ்வளவுதான் வேணும்" என்பார்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் கூட. ஏற்கெனவே போட்டது வீணாகக்கூடாதே என்று நாமும் போட்டுக்கொண்டே இருப்போம்.

பதிவுப் பத்திரம் காட்டுகிறார்கள். பிறகும் சந்தேகப்படவேண்டுமா?

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் யாரும் பதியலாம். கம்பனியும் யாரும் தொடங்கலாம். அந்தப் பத்திரங்கள் கடன் கொடுக்கவோ வைப்புப் பணம் வாங்கவோ தருகிற அனுமதி அல்ல. நிதிக் கம்பனிகளுக்கு 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தின் கீழும், நுண்நிதிக் கம்பனிகளுக்கு 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டத்தின் கீழும் மத்திய வங்கி உரிமம் கொடுக்கிறது. உரிமம் பெற்றவர்களின் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் உண்டு. இணையம் பார்க்கத் தெரியாவிட்டால் 1935 க்கு அழைத்துக் கேளுங்கள். அது மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தின் இலக்கம்.

பட்டியலில் பெயர் இருந்தாலும், உங்களோடு கதைக்கிற ஆள் அந்தக் கம்பனியின் ஆள்தானா என்பது வேறு கேள்வி. தெரிந்த வங்கியின் சின்னத்தைப் போட்டுப் பேஸ்புக் பக்கம் திறப்பது ஐந்து நிமிட வேலை. அவர் தந்த நம்பருக்குத் திருப்பி எடுத்து உறுதிப்படுத்துவதில் பிரயோசனம் இல்லை. யாழ்ப்பாண நகரத்திலோ சாவகச்சேரியிலோ சுன்னாகத்திலோ நெல்லியடியிலோ உள்ள கிளைக்கு நேரே போய், "இப்படி ஒரு திட்டம் இருக்கிறதா, இந்தப் பெயரில் உங்களிடம் ஆள் இருக்கிறாரா" என்று கேளுங்கள். பஸ் காசோடு முடிந்துவிடும்.

போன் அப்பில் கடன் எடுத்து மற்றக் கடனை அடைக்கலாமா?

முதல் தடவை வட்டி இல்லை, பத்து நிமிடத்தில் காசு என்று தொடங்கும். தவணை சில நாட்களோ கிழமைகளோதான். பிந்தினால் ஏறுகிற கட்டணம் எடுத்த முதல் தொகையையே எட்டும். அதைக் கட்ட இன்னொரு அப். இப்படி நாலைந்து அப்பில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிற இளம் ஆட்கள்; வீட்டுக்கு ஒன்றும் தெரியாது.

அப்பை இறக்கும்போது உங்கள் போனில் உள்ள பெயர்கள், படங்கள் எல்லாவற்றையும் பார்க்க அனுமதி கேட்கும். கட்டப் பிந்தினால் உங்கள் பெரியப்பாவுக்கும் வேலை இடத்து முதலாளிக்கும் போன் போவது அந்த அனுமதியால்தான். படத்தை வெட்டி ஒட்டி அனுப்பிவிடுவோம் என்று பெண்பிள்ளைகளை வெருட்டுவதும் உண்டு. அப்படி வந்தால் காசு கட்டுவதால் அது நிற்கப்போவதில்லை. வந்த செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு பொலிஸில் முறையிடுங்கள். இணையவழித் தொல்லைகளுக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 உம், பெண்களுக்கான உதவிக்கு 1938 உம் உண்டு. போனில் உள்ளவர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு "என் பெயரில் இப்படி ஒரு மெசேஜ் வரும், கணக்கெடுக்கவேண்டாம்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டால் அவர்கள் கையில் உள்ள ஆயுதம் பாதி போய்விடும்.

கடனை அடைக்கக் காசு தருகிறோம், காணி உறுதியைப் பொறுப்பாகத் தாருங்கள் என்கிறார்கள். எதைக் கவனிக்கவேண்டும்?

யாழ்ப்பாணத்தில் ஆட்கள் இழக்கிற பெரிய சொத்து இந்த வழியால்தான் போகிறது. அதனால் இந்தப் பதிலை இரண்டு தரம் வாசியுங்கள்.

நம் ஊரில் ஈடு, ஒற்றி என்பவை யாழ்ப்பாணத்தின் பழைய வழமைச் சட்டமான தேசவழமைக் காலத்தில் இருந்தே பழக்கம். ஈடு என்றால் காணியைக் கடனுக்குப் பொறுப்பாக வைப்பது. ஒற்றி என்றால் காசு தந்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் பலனை அனுபவிப்பார், காசைத் திருப்பிக் கொடுத்தால் காணி திரும்பும். அந்த நினைப்பிலேயே இப்போதும் உறுதி எழுதுகிற நொத்தாரிசு முன்னால் போய் இருக்கிறோம். மேசையில் இருக்கிற கடதாசி ஈட்டு உறுதியாக இல்லாமல் அறுதி உறுதியாக இருக்கும், அதாவது விற்பனை. "ஈடு எண்டால் செலவு கூட, சும்மா பேருக்கு அறுதியாய் எழுதுவம், காசு கட்டினவுடன திருப்பி எழுதித் தாறம்" என்பார்கள். அந்த வாய்ச்சொல் உறுதியில் ஒரு இடத்திலும் இருக்காது. காணியின் பெறுமதியில் ஒரு துண்டு காசுதான் உங்கள் கைக்கு வந்திருக்கும். சில மாதத்தில் காணி மூன்றாம் ஆளுக்கு விற்கப்பட்டிருக்கும். அவர் வெளிநாட்டில் இருந்து நல்ல மனதோடு வாங்கியவராகவும் இருக்கலாம். அதன்பிறகு வழக்கு என்றால் ஆண்டுக்கணக்கு.

இன்னொரு வகை, மீட்பு நிபந்தனையோடு எழுதுவது. இத்தனை மாதத்தில் காசைக் கொடுத்தால் திருப்பி எழுதவேண்டும், தவறினால் காணி அவருக்கு. இது எழுத்தில் இருப்பதால் கொஞ்சம் மேல். ஆனாலும் கடைசிக் கிழமையில் காசோடு போனால் ஆள் கொழும்பில், போன் வேலை செய்யாது. இப்படி மாட்டுப்பட்டவர்களுக்காகத்தான் 1941 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கடன் இணக்க சபை என்று ஒன்று நீதி அமைச்சின் கீழ் இருக்கிறது. காணியை ஈடாகவோ நிபந்தனை உறுதியாகவோ வைத்து வாங்கிய கடன்களில் கடன்பட்டவரையும் கொடுத்தவரையும் கூப்பிட்டு இணக்கம் பேசும். மீட்கும் காலம் முடிந்தபிறகு ஓடுவதில் பயன் குறைவு. காலம் கையில் இருக்கும்போதே விண்ணப்பிக்கவேண்டும். இப்படி ஒரு சபை இருப்பதே நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது என்பது எனக்கு எப்போதும் ஆத்திரம் தருகிற விடயம்.

செய்யவேண்டியது என்ன? காசு தருகிறவர் கூட்டிக்கொண்டு வருகிற நொத்தாரிசிடம் மட்டும் போகாமல், எழுதப்போகிற உறுதியின் நகலை முதலே வாங்கி உங்களுக்குத் தெரிந்த வேறொரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். நகல் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கையெழுத்து வைக்கமுதல் நொத்தாரிசு அதை வாசித்து விளங்கப்படுத்தவேண்டும்; அவசரப்பட்டாலும் "தமிழில ஒருக்கா வாசியுங்கோ ஐயா" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். வெறும் தாளில் கையெழுத்து, அற்றோணித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம்), பெறுமதி எழுதாத உறுதி மூன்றும் கூடவே கூடாது. சீதனக் காணி மனைவி பெயரில் இருக்கும், கணவனின் கையொப்பமும் கேட்கிற வழக்கம் இருப்பதால் இரண்டு பேரையும் கூட்டிப்போவார்கள். கடன் ஒருவருடையது, கையெழுத்து இருவருடையது என்று ஆகும்போது மற்றவருக்கு முழுக் கதையும் தெரிந்திருக்கவேண்டும். ஏற்கெனவே ஏதோ எழுதிவிட்டோம், என்ன எழுதினோம் என்றே தெரியவில்லை என்பவர்கள் காணிப் பதிவகத்தில் பதிவைத் தேடிப் பிரதி எடுக்கலாம். இப்போது காணி யார் பெயரில் நிற்கிறது என்பது அதில் தெரியும்.

வங்கியில் அடகில் இருக்கும் நகையை மீட்டு நல்ல விலைக்கு எடுக்கிறோம் என்று வருகிறவர்கள்?

இது முழுக்கப் பொய்யான தொழில் என்று சொல்ல முடியாது. பவுண் விலை ஏறியபோது, குறைந்த காசுக்கு அடகு வைத்த பழைய நகையை விற்றால் மிச்சம் வரும் என்பது உண்மை. ஏமாற்று நடப்பது இரண்டு இடத்தில். ஒன்று, அடகுச் சீட்டையும் ஒரு கடிதத்தையும் வாங்கிக்கொண்டு அவர்களே போய் மீட்பது. நகை அவர்கள் கையில், விலை அவர்கள் வாயில். மற்றது, மீட்டபிறகு தரம் குறைவு, கல் நிறை, உருக்கினால் கழிவு என்று கழித்துக் கழித்துக் கடைசியில் சில்லறை தருவது.

சீட்டைக் கொடுக்காதீர்கள். அவர் காசு கட்டட்டும், கவுண்டரில் நகையை வாங்குவது நீங்களாக இருங்கள். போகமுதல் கஸ்தூரியார் வீதியில் இரண்டு நகைக்கடையில் அன்றைய வாங்கும் விலையைக் கேட்டு வையுங்கள். நிறை சீட்டிலேயே இருக்கிறது. இன்னொரு வழியும் உண்டு: அதே வங்கியிலேயே இன்றைய மதிப்புக்கு மறு அடகு வைக்க முடியுமா என்று கேட்பது. வட்டி ஓடும்தான், ஆனால் தாலிக்கொடி வீட்டை விட்டுப் போகாது.

லீசிங் கட்ட முடியவில்லை. ஓட்டோவை ஒருவர் எடுத்து மிச்சத் தவணையைத் தானே கட்டுகிறாராம்.

லீசிங் முடியும்வரை வாகனத்தின் சொந்தக்காரர் லீசிங் கம்பனி. அவர்கள் எழுத்தில் சம்மதிக்காமல் நீங்கள் யாருக்கும் கைமாற்ற முடியாது. வெள்ளைத் தாளில் ஒரு உடன்படிக்கை எழுதிக் கொடுத்தால், அவர் ஒரு தவணை இரண்டு தவணை கட்டிவிட்டு ஓட்டோவைத் தெற்குக்குக் கொண்டுபோய்ப் பாகம் பாகமாக விற்றாலும் கடன் உங்கள் பெயரில்தான் நிற்கும். உங்கள் பிணையாளிகளையும் பிடிப்பார்கள். வாங்குபவர் உண்மையானவர் என்றால் உங்களோடு கம்பனிக்கு வந்து தன் பெயருக்கு மாற்றச் சம்மதிப்பார். வரமாட்டேன் என்றால் அதுவே பதில்.

நுண்கடன் எல்லாம் தள்ளுபடி, பெயர் பதிய ஐந்நூறு ரூபா என்று ஊரில் சேர்க்கிறார்கள். உண்மையா?

இந்த வதந்திக்கு ஒரு வேர் இருக்கிறது. 2018 இல் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, கட்டத் தவறிய நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. வடக்கும் அதில் இருந்தது. ஆனால் அதற்கு யாரும் வீடு வீடாகக் காசு சேர்க்கவில்லை. கம்பனிகளிடம் இருந்த கணக்கைக் கொண்டே அது நடந்தது. அப்படி இன்னொன்று வந்தால் பிரதேச செயலகத்துக்கும் கிராம அலுவலருக்கும் தெரியாமல் வராது. வெளிநாட்டுத் தமிழ் அமைப்பு ஒன்று உங்கள் கடனைக் கட்டப்போகிறது என்று படிவம் நிரப்புகிறவர்களிடமும் இதே கேள்விதான்: கொடுக்க வந்தவருக்கு என்னிடம் இருந்து ஏன் காசு?

இதில் இன்னொரு கெடுதல், தள்ளுபடி வரும் என்று நம்பிக் கிழமைக் கட்டை நிறுத்துவது. குழுக் கடனில் நீங்கள் நிறுத்தினால் மற்றப் பெண்கள் தலையில் விழும், சண்டை ஒழுங்கையில் தொடங்கும்.

மீற்றர் வட்டிக்காரரிடம் மாட்டிவிட்டேன். அவரிடம் இருந்து காப்பாற்றுகிறோம் என்று வேறு ஆட்கள் வருகிறார்கள்.

மீற்றர் வட்டி என்றால் வாகன மீற்றர் போல நாளுக்கு நாள் ஏறுகிற வட்டி. காப்பாற்ற வருகிறவர்கள் பல நேரம் அந்த வட்டிக்காரருடைய ஆட்களே, அல்லது அடுத்த மீற்றர் வட்டிக்காரர். புதிய காசால் பழையதை மூடினால் நீங்கள் நிற்கிற கிடங்கின் பெயர்தான் மாறும்.

தெரிந்துகொள்ளவேண்டிய ஒரு பழைய விதி இருக்கிறது. வட்டியாக வழக்கில் அறவிடக்கூடிய தொகை முதல் தொகையை மிஞ்சக்கூடாது என்பது இலங்கைச் சட்டத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருந்தே இருக்கிறது. நீங்கள் இதுவரை கொடுத்ததை எழுதிக் கொண்டுபோய்ச் சட்டத்தரணியிடம் இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். சிட்டை இல்லை என்றால் ஞாபகத்தில் உள்ள திகதி, தொகை, கூட நின்றவர் பெயர் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். இனிமேல் காசைக் கையில் கொடுக்காமல் கணக்கில் போடுங்கள், தடயம் நிற்கும்.

வெற்றுச் செக் கொடுத்திருந்தால் அதுதான் அவருடைய பலம். கணக்கில் காசில்லாமல் செக் கொடுப்பது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ்க் குற்றமாகலாம் என்பதால் அதை வைத்து வெருட்டுவார்கள். செக் இலக்கங்களைக் குறித்துக்கொண்டு உடனே ஆலோசனை எடுங்கள். "கடனை நாங்கள் தீர்க்கிறோம்" என்று வருகிற எவருக்கும் புதிதாக ஒரு செக்கும் எழுதவேண்டாம்.

அடிப்போம், பிள்ளையைத் தூக்குவோம் என்றால் அது கடன் விவகாரம் இல்லை, பொலிஸ் விவகாரம். 119. இரவில் நித்திரை இல்லை, உயிரை விடுவோமா என்ற அளவுக்கு வந்துவிட்டது என்றால் முதலில் 1926 க்கு எடுத்துக் கதையுங்கள். அது தேசிய மனநல உதவி இலக்கம். கடன் கடதாசிகளை ஒரு கிழமை கழித்தும் பார்க்கலாம்.

"கோர்ட்டில் இருந்து கதைக்கிறோம், இன்று கட்டாவிட்டால் நாளை கைது" என்று போன் வந்தது.

நீதிமன்றம் வட்ஸ்அப்பில் கூப்பிடாது. அழைப்பாணை பிஸ்கால் (நீதிமன்றக் கடதாசிகளைக் கொண்டுவந்து தரும் அலுவலர்) ஊடாகவோ பதிவுத் தபாலிலோ வரும், வழக்கு இலக்கம் இருக்கும், அதை நீதிமன்றப் பதிவகத்தில் போய்ச் சரிபார்க்கலாம். கடன் கட்டவில்லை என்பதற்காக மட்டும் அடுத்த நாளே யாரும் ஆளைப் பிடித்துக்கொண்டு போவதில்லை. செக், மோசடி என்று இருந்தால் விடயம் வேறு. மற்றப்பக்கம், உண்மையான அழைப்பாணை வந்தால் அதை மேசை லாச்சிக்குள் போடவேண்டாம். நீங்கள் போகாவிட்டால் உங்கள் பக்கம் கேட்காமலே தீர்ப்பு வரும்.

பல வருடத்துக்கு முந்திய கடன் என்று யாரோ இப்போது கேட்கிறார்கள்.

காலாவதிச் சட்டம் 1871 ஆம் ஆண்டில் இருந்தே உண்டு. பொதுவாக எழுத்தில் உள்ள கடனுக்கு ஆறு ஆண்டு, வாய்ச்சொல்லுக்கு மூன்று ஆண்டு. அதற்குள் வழக்குப் போடவேண்டும். ஆனால் நீங்கள் இடையில் கொஞ்சக் காசு கட்டினாலோ கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாலோ அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கலாம். "ஒரு ஆயிரம் மட்டும் போடுங்கோ, மிச்சத்தைப் பாப்பம்" என்று கேட்பதன் உள்நோக்கம் சில நேரம் அதுதான். கடன் யாருக்கு, எந்தக் கடதாசி என்று எழுத்தில் கேளுங்கள். காட்டும்வரை ஒரு சதமும் போடவேண்டாம், ஒன்றும் எழுதவும் வேண்டாம்.

அப்படியானால் காசு வாங்காமல் உதவி செய்பவர்கள் யார்?

கடன் தந்த நிறுவனத்திடம் எழுதிக் கேட்டும் சரிவரவில்லை என்றால் மேலே சொன்ன 1935. அதைவிட, வங்கி, நிதிக் கம்பனிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கிற நிதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், 2003 இல் இருந்து இயங்குகிற அலுவலகம், கட்டணம் இல்லை. முதலில் நிறுவனத்திடம் முறையிட்ட கடிதம் கையில் இருக்கவேண்டும், அதனால்தான் அந்த முத்திரை வைத்த பிரதி. வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு சட்டத்தரணி வைத்துத் தரும். அதற்கு யாழ்ப்பாணத்திலும் நிலையம் உண்டு. தனியாள் கடன் பிணக்கு என்றால் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபை, சனம் இணக்கசபை என்று சொல்வது. அங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களே பேசவேண்டும். காணி ஈடு என்றால் கடன் இணக்க சபை.

உடனடி அற்புதம் ஒன்றும் இந்த இடங்களில் நடக்காது. அலைச்சல் உண்டு, பதில் பிந்தும், சில கடிதம் சிங்களத்தில் வந்து சேரும். அந்த அலைச்சலைப் பார்த்துத்தான் ஆட்கள் தரகரிடம் போகிறார்கள். ஆனால் இங்கே உங்கள் நேரம்தான் போகும், காணி போகாது.

மகன் கனடாவில் கிரெடிட் கார்ட் கடனில் நிற்கிறான். தமிழ் ஆள் ஒருவர் பாதியாகக் குறைத்துத் தருகிறாராம்.

கனடாவில் கடனைச் சட்டப்படி குறைக்கிற ஒழுங்கைச் செய்யக்கூடியவர் அரசு உரிமம் பெற்ற வங்குரோத்துப் பொறுப்பாளர் மட்டுமே. இடையில் நிற்கிற ஆலோசகர் காசு வாங்கிக்கொண்டு அவரிடம்தான் அனுப்புவார். மகன் நேரே போகலாம், முதல் சந்திப்புக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. பிரித்தானியா என்றால் ஸ்டெப்சேஞ்ச், சிற்றிசன்ஸ் அட்வைஸ் போன்ற அமைப்புகளின் கடன் ஆலோசனை இலவசம். அமெரிக்காவில் போன் மூலம் ஆள் பிடிக்கிற கடன் குறைப்புக் கம்பனிகள் ஒரு கடனையாவது தீர்க்கமுதல் கட்டணம் வாங்குவதற்கு 2010 இல் இருந்தே தடை. தமிழில் கதைக்கிறார் என்பது ஒரு தகுதி அல்ல.

ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டேன். இனி?

வங்கிக்கு உடனே எடுங்கள். நாளை காலை என்று வைக்காதீர்கள். கணக்கில் இருந்து கணக்குக்குப் போகிற காசு நிமிடக்கணக்கில் போய்விடுகிறது, ஆனால் மற்றப் பக்கத்தில் எடுக்கமுதல் நிறுத்த முடிந்த சந்தர்ப்பங்களும் உண்டு. கார்ட் இலக்கமோ ஓ.ரி.பி.யோ சொல்லியிருந்தால் கார்ட்டை நிறுத்தி, கடவுச்சொற்களை மாற்றுங்கள். போட்ட பற்றுச்சீட்டு, கணக்கு இலக்கம், செய்திகள், விளம்பரத்தின் படம் எல்லாவற்றோடும் பொலிஸில் முறைப்பாடு கொடுத்து அதன் இலக்கத்தை வாங்குங்கள். உங்கள் பெயரில் பிறகு ஏதும் கடன் எழும்பினால் அந்த இலக்கம் தேவைப்படும்.

கொஞ்ச நாளில் இன்னொரு போன் வரும். "உங்களை ஏமாத்தின ஆளைப் பிடிச்சிட்டம், காசை மீட்டுத் தாறம், பதிவுக்கு இவ்வளவு" என்று. பெயர், தொகை எல்லாம் சரியாகச் சொல்வார்கள், ஏனென்றால் முதலாவது கூட்டமே அந்தப் பட்டியலை விற்றிருக்கும், அல்லது அதே ஆட்களாகவே இருக்கும். பொலிஸ் காசு மீட்கக் கட்டணம் கேட்பதில்லை. போனை வைத்துவிடுங்கள்.

அடையாள அட்டைப் படம் கொடுத்திருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து உங்கள் கிரிப் அறிக்கையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தெரியாத கடன் ஒன்று இருந்தால், முறைப்பாட்டு இலக்கத்தோடு அந்த நிறுவனத்துக்கும் பணியகத்துக்கும் அன்றே எழுதுங்கள், பதிவுத் தபாலில்.